ராபன் தீவின் சாப்பாட்டு அட்டை

முதல் நாள் படகு புறப்படவில்லை. கேப் டவுன் துறைமுகத்தில் காலை எட்டரைக்கே வரிசையில் நின்றுவிட்டோம். வானம் பளிச்சென்று இருந்தது, வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனால் தென்கிழக்கிலிருந்து வீசிய காற்று ஆளை நிற்க விடவில்லை. டேபிள் மலையின் தட்டையான உச்சியிலிருந்து வெண்மேகம் பால் பொங்கி வழிவதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. "மேகம் இப்படி இறங்கினால் கடல் முரண்டு பிடிக்கும், இன்று படகு கிடையாது" என்றார் பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெண்மணி. அவர் சொன்னபடியே ஆயிற்று.

மறுநாள் காற்று அடங்கியது, போனோம். ஒரு நாள் வீணானதில் எனக்கு வருத்தமில்லை. அன்று பகல் முழுக்கக் கரையில் உட்கார்ந்து அந்தத் தீவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராபன் தீவு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. மிக அருகிலுள்ள கரையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். துறைமுகத்திலிருந்து பதினொன்று, பன்னிரண்டு இருக்கலாம். தோசைக்கல்லைக் கவிழ்த்ததுபோல் தட்டையான நிலம், சுமார் 5 சதுர கிலோமீட்டர். இங்கிருந்து அது தெரிகிறதென்றால் அங்கிருந்து இந்த ஊரும் தெரியும். வேலைக்கு ஓட்டிச் செல்லப்படும்போதெல்லாம் கைதிகள் டேபிள் மலையைப் பார்த்திருப்பார்கள். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஊர், நடுவே உறைய வைக்கும் குளிர்ந்த கடல். தண்டனையின் பாதி அந்தக் காட்சியிலேயே இருந்திருக்க வேண்டும்.

அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் படகுப் பயணம். நாம் ஏறும் இடத்துக்கு 'நெல்சன் மண்டேலா நுழைவாயில்' என்று பெயர். அதற்குச் சற்றுத் தள்ளி 'ஜெட்டி 1' என்ற சின்னக் கட்டடம் இருக்கிறது. கைதிகளையும், அவர்களைப் பார்க்க நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்து வந்த மனைவியரையும் தாய்மாரையும் அங்கிருந்துதான் ஏற்றினார்கள். தீவுக்குப் போகும் முன் அங்கே ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போவது நல்லது.

'ராபன்' என்றால் டச்சு மொழியில் கடல்நாய்கள். 1652-ல் டச்சுக்காரர்கள் கேப் முனையில் குடியேறினார்கள். 1658-லேயே ஆட்ஷுமாட்டோ என்ற மண்ணின் மைந்தரை, அந்தப் பகுதிக் கோய்கோய் இனக்குழு ஒன்றின் தலைவரை, இந்தத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த ஆண்டே ஒரு துடுப்புப் படகில் ஏறி அவர் தப்பிவிட்டார். பிறகு டச்சுக்காரர்களை எதிர்த்த கிழக்கிந்தியத் தீவுகளின் இளவரசர்களும் மதத் தலைவர்களும் இங்கே நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான மதுரா இளவரசரின் நினைவாக எழுப்பிய தர்கா சிறைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. நம் மதுரை என்று நினைத்துவிட வேண்டாம். ஜாவாவை ஒட்டிய மதுரா தீவு அது. அடுத்து வந்த பிரிட்டிஷ்காரர்களுக்கும் தீவு இதற்கேதான் பயன்பட்டது. 1819-ல் கிரகாம்ஸ்டவுன் படைமுகாமைத் தாக்கிய கோசா இன வீரர் மகானா, அடுத்த ஆண்டு இங்கிருந்து தப்ப முயன்று கடலில் மூழ்கினார். 1846 முதல் தொழுநோயாளிகளையும் மனநோயாளிகளையும் கொண்டுவந்து அடைத்தார்கள். தொழுநோயாளிகள் 1931 வரை இருந்தார்கள். அவர்களுக்காகக் கட்டிய தேவாலயமும் கல்லறைகளும் தீவைச் சுற்றிக் காட்டும் பேருந்தின் ஜன்னல் வழியாகத் தெரிகின்றன. ஊருக்கு வேண்டாதவர்கள் என்று முடிவு கட்டப்பட்டவர்களையெல்லாம் முந்நூறு ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய இடம் இது. 1961-ல் நிறவெறி அரசு இங்கே சிறை திறந்தது அந்த வரிசையில் கடைசி.

மண்ணை அள்ளிக் காட்டியவர்

பேருந்து முதலில் நின்றது ஒரு சின்ன வீட்டின் முன். வேலிக்குள் ஒற்றையாக நிற்கும் எளிய வீடு. மண்டேலா சிறையிருந்த அறையைப் பார்க்க வந்த கூட்டத்தில் பலர் இறங்கவில்லை, கைப்பேசியைக்கூட எடுக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தத் தீவில் இருந்தவர்களிலேயே மிகக் கொடுமையான தண்டனை பெற்றவர் இந்த வீட்டுக்காரர்தான் என்பது என் எண்ணம்.

ராபர்ட் சொபுக்வே, பான் ஆப்பிரிக்கனிஸ்ட் காங்கிரஸின் தலைவர். கருப்பின மக்கள் எங்கே போனாலும் அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1960 மார்ச் 21 அன்று போராட்டம் அறிவித்தார். ஷார்ப்வில்லில் காவல்துறை சுட்டு 69 பேரைக் கொன்றது அந்த நாளில்தான். சொபுக்வேக்கு மூன்றாண்டுச் சிறை. 1963 மே மாதம் தண்டனை முடிந்தது. அவரை வெளியே விடக் கூடாது என்பதற்காகவே நாடாளுமன்றம் ஒரு சட்டப்பிரிவு கொண்டுவந்தது. தண்டனைக் காலம் முடிந்தவரையும் தொடர்ந்து அடைத்துவைக்கலாம், ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்குப் பெயரே 'சொபுக்வே பிரிவு'. நீதிமன்றம் இல்லை, புதிய குற்றச்சாட்டு இல்லை. ஆறு ஆண்டுகள் இந்த வீட்டில் தனியாக வைத்தார்கள்.

அவருக்குச் சொந்த உடை உண்டு, புத்தகங்கள் உண்டு, கல் உடைக்கும் வேலை கிடையாது. பேச ஆள் மட்டும் கிடையாது. மற்ற கைதிகள் வேலைக்குப் போகும்போது வேலியோரமாகக் கடந்து போவார்கள். அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, விரல்களின் வழியே மெல்லச் சிந்தவிடுவாராம். நாம் இந்த மண்ணின் பிள்ளைகள் என்று அதற்குப் பொருள். 1969-ல் தீவிலிருந்து கொண்டுபோய் கிம்பர்லி நகரில் காவல் கட்டுப்பாட்டுடன் குடிவைத்தார்கள். 1978-ல் அங்கேயே இறந்தார். அந்த வீட்டு வாசலில் மண் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது, வெளுத்த மணல் கலந்த மண்.

அடுத்து சுண்ணாம்புக் குவாரி. உச்சி வெயிலில் கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை, அவ்வளவு வெள்ளை. மண்டேலாவும் தோழர்களும் 1965 தொடக்கத்தில் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். ஆறு மாத வேலைதான் என்று சொல்லப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. கருப்புக் கண்ணாடி கேட்டு, அது கிடைக்கவே ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆயிற்று. அதற்குள் பலருடைய கண்கள் கெட்டுவிட்டன. பிற்காலத்தில் மண்டேலா வரும் இடங்களில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டதற்குக் காரணம் இந்தக் குவாரிதான். பாறையின் ஓரத்தில் ஒரு சின்னக் குகை. வெயிலுக்கு ஒதுங்கவும், இயற்கை உபாதைக்கும், பாடம் நடத்தவும் அந்த ஒரே இடம். படித்தவர் படிக்காதவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர்களே வகுத்துக்கொண்ட விதி. எழுதப் படிக்கத் தெரியாமல் வந்து, பட்டத்தோடு வெளியே போனவர்கள் உண்டு.

குவாரியின் வாயிலில் பல நிறக் கற்கள் ஒரு குவியலாகக் கிடக்கின்றன. 1995 பிப்ரவரியில், குடியரசுத் தலைவரான பிறகு, பழைய கைதிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் மண்டேலா இங்கே திரும்பி வந்தார். போகும்போது ஒரு கல்லை எடுத்து வைத்தார். யாரும் சொல்லாமலே மற்றவர்களும் ஆளுக்கொரு கல் வைத்தார்கள். பெயர்ப் பலகையோ கல்வெட்டோ தேவைப்படாத நினைவுச்சின்னம். நான் பார்த்தவற்றில் இவ்வளவு நிறைவான இன்னொன்று இல்லை.

பி வரிசை, சி வரிசை

சிறைக்குள் நம்மை அழைத்துச் செல்பவர் முன்னாள் அரசியல் கைதி. ராபன் தீவை உலகின் பல சிறைக் காட்சியகங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். எங்களுக்கு வந்தவர் அறுபதைக் கடந்தவர். 1976 ஜூன் 16-ல் தொடங்கிய சொவெட்டோ மாணவர் எழுச்சிக்குப் பின் பிடிபட்டு, மீசை சரியாக முளைக்காத வயதில் இங்கே வந்தவர். பெயரைச் சொன்னார், கூடவே தன் கைதி எண்ணையும் சொன்னார். மனப்பாடமாக, ஒரு மூச்சில்.

நீளமான பொதுக் கொட்டடிக்குள் பெஞ்சுகளில் உட்கார வைத்தார். சுவரின் கற்களைக் காட்டினார். நீலச் சாயல் கொண்ட கல். தீவிலேயே வெட்டியெடுத்தது. "எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் இந்தச் சிறையைத் தங்கள் கையாலேயே கட்டினார்கள்" என்றார். தரையில் ஒரு பாயும் கம்பளிகளும். கட்டில் வந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். அப்புறம், சுவரில் பெரிதாக்கி வைத்திருந்த ஒரு பழைய அட்டையின் முன் போய் நின்றார்.

கைதிகளின் சாப்பாட்டு அளவு அட்டை அது. இரண்டு பத்திகள். 'பி' என்பது கலப்பினத்தாருக்கும் ஆசியர்களுக்கும். 'சி' என்பது கருப்பர்களுக்கு. வெள்ளையர் வரிசை இல்லை. ஏனென்றால் வெள்ளைக் கைதிகளே இந்தத் தீவில் இல்லை. ரிவோனியா வழக்கில் 1964-ல் மண்டேலா உட்பட எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். ஏழு பேர் இங்கே வந்தார்கள். எட்டாமவர் டெனிஸ் கோல்ட்பர்க் வெள்ளையர் என்பதால் பிரிட்டோரியாச் சிறைக்குப் போனார். ஒரே வழக்கு, ஒரே தீர்ப்பு, வேறு வேறு சிறை.

அட்டையை வாசித்தேன். இறைச்சி, பி-க்கு 6 அவுன்ஸ், சி-க்கு 5 அவுன்ஸ். ஜாம், பி-க்கு 1 அவுன்ஸ், சி-க்கு இல்லை. இந்தியக் கைதிக்கு ரொட்டி உண்டு, ஆப்பிரிக்கக் கைதிக்குக் கிடையாது. உடையிலும் அப்படித்தான். இந்தியருக்கு முழுக்கால் சட்டை, காலுறை, ஷூ. ஆப்பிரிக்கருக்கு அரைக்கால் சட்டை. 45 வயது மண்டேலா அரைக்கால் சட்டையில் நின்றார். அவரோடு வந்தவர்களில் மிக இளையவரான அகமது கத்ராடாவுக்கு, இந்திய வம்சாவளி என்பதால், முழுக்கால் சட்டை. வளர்ந்த மனிதனைச் சிறுவனாக நிறுத்தி அவமதிப்பதற்காகவே வகுத்த உடை அது. ஒருமுறை மண்டேலாவுக்கு மட்டும் முழுக்கால் சட்டை கொடுத்தபோது, எல்லோருக்கும் கொடுங்கள் என்று அவர் மறுத்துவிட்டார்.

ஒரு அவுன்ஸ் ஜாம் என்பது 28 கிராம். பெரிய கரண்டியில் ஒன்று. அந்த ஒரு கரண்டியை வைத்து, பசித்த இரண்டு மனிதர்களை ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்க வைக்க முடியும் என்று யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்திருந்த ஊரிலிருந்து வந்தவன் நான். அந்த அட்டையைப் புரிந்துகொள்ள எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

எங்கள் கூட்டத்தில் டர்பனிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பனில் கரை சேர்ந்தது. கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். அந்த வழியில் வந்த தமிழ்க் குடும்பம்தான் இவர்களும். தமிழ் பேச வராது, ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்களாம். பத்து வயதுப் பெண் அட்டையைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டாள், "நாம் எதில் வருவோம்?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு முதல் பத்தியில் விரலை வைத்தார். அந்தக் குழந்தை விரலை எடுத்து அடுத்த பத்திக்கு நகர்த்தி, "ஏன் இவர்களுக்கு ஜாம் இல்லை?" என்றது.

வழிகாட்டி அதற்குப் பதில் சொன்னார். "உள்ளே வந்ததும் அந்த ரொட்டி எல்லோருடையதும் ஆகிவிடும், பாப்பா. பங்கு போட்டுத்தான் தின்றோம். எனக்கு ரொட்டி கொடுத்தவர் ஒரு இந்தியர்." 1979-ல்தான் சாப்பாடு எல்லா இனத்தாருக்கும் ஒன்றாக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளாக விண்ணப்பமும் உண்ணாவிரதமுமாகக் கேட்டு வாங்கியது.

885/63

மண்டேலாவின் எண் 466/64. 1964-ல் வந்த 466-வது கைதி என்று அர்த்தம். இன்று அந்த எண் சட்டையிலும் தொப்பியிலும் அச்சாகி விற்கிறது. நான் இன்னொரு எண்ணை நினைவூட்ட வேண்டும். 885/63.

அது இந்திரஸ் நாயுடுவின் எண். அவருடைய தாத்தா தம்பி நாயுடு, மொரீஷியஸில் பிறந்த தமிழர், தென்னாப்பிரிக்காவில் காந்தியின் சத்தியாகிரகத்தில் முன்வரிசையில் நின்று பலமுறை சிறை சென்றவர். நம் பாடநூல்களில் வரும் தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்றதும் அதே போராட்டத்தில்தான். தாத்தா அறவழியில் நின்றார். பேரன் 1963-ல் மண்டேலாவின் அமைப்பான 'உம்கோன்டோ வெ சிஸ்வே'யின் நாசவேலைப் பிரிவில் பிடிபட்டார். கைதாகும்போது துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பத்து ஆண்டு, ஒரு நாளும் குறையாமல், இந்தத் தீவில். வெளியே வந்தபின் 'ஐலண்ட் இன் செயின்ஸ்' என்ற நூலில் அந்தப் பத்து ஆண்டுகளைப் பதிவு செய்தார். டர்பனின் தொழிற்சங்கத் தலைவர் பில்லி நாயர் இங்கே இருபது ஆண்டுகள் இருந்தார். முதல் பத்தியில் நிற்கச் சொன்னபோது அந்தச் சலுகையை வேண்டாம் என்று சொன்ன மனிதர்கள் இவர்கள். வெளியிலும் அப்படித்தான். கருப்பர்களைவிட இந்தியர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் தந்திருந்தது நிறவெறி அரசு. வாயை மூடிக்கொண்டு கடை நடத்தியிருக்கலாம்.

இன்னொரு டர்பன்காரர் சன்னி வெங்கடரத்தினம். தன்னிடமிருந்த ஷேக்ஸ்பியர் முழுத் தொகுப்பின் அட்டை மேல் தீபாவளி வாழ்த்து அட்டைகளிலிருந்த சாமி படங்களை வெட்டி ஒட்டினார். இது எங்கள் வேதப் புத்தகம் என்று காவலர்களிடம் சொல்லிக் காப்பாற்றினார். புத்தகம் கொட்டடிக் கொட்டடியாகச் சுற்றியது. முப்பதுக்கும் மேற்பட்ட கைதிகள் தங்களுக்குப் பிடித்த பகுதியின் பக்கத்தில் கையெழுத்திட்டார்கள். மண்டேலா 1977 டிசம்பர் 16 என்று தேதியிட்டு 'ஜூலியஸ் சீசர்' பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சாமி படங்களுக்குள் ஷேக்ஸ்பியர் பாதுகாப்பாக இருந்தார்.

மண்டேலாவின் சுயசரிதையும் அப்படிக் காவலர் கண்ணுக்குத் தப்பியதுதான். இரவில் அவர் எழுத, சக கைதி லாலூ சிபா அதைக் கடுகு போன்ற எழுத்தில் நகலெடுக்க, 1976-ல் விடுதலையான மேக் மகராஜ் அந்தத் தாள்களை ஒளித்து வெளியே கொண்டுபோனார். தோட்டத்தில் புதைத்து வைத்த மூலப் பிரதி அகப்பட்டுக்கொண்டது. தண்டனையாக, நான்கு ஆண்டுகள் படிப்பு உரிமை பறிபோயிற்று.

மண்டேலாவின் அறையா? சுமாராக எட்டடிக்கு ஏழடி. கம்பிக் கதவு, கம்பளிகள், ஒரு வாளி, சின்ன முக்காலி. வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், ஒருவருக்கு அரை நிமிடம் கிடைத்தால் அதிகம். படம் எடுப்பதில் அந்த அரை நிமிடமும் போய்விடுகிறது. இந்த அறையில் இருக்கும்போதுதான் 1968-ல் அவருடைய தாய் இறந்தார், அடுத்த ஆண்டு மூத்த மகன் விபத்தில் இறந்தார். இரண்டு அடக்கத்துக்கும் அனுமதிக்கவில்லை. ஆரம்பத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், அதுவும் 500 சொல்லுக்குள். தணிக்கையில் வரிகளை பிளேடால் வெட்டி எடுத்துவிட்டுத் தருவார்கள்.

வெளியே வரும்போது வழிகாட்டியிடம் கேட்டேன், தினமும் இந்தக் கதவைத் திறந்து மூட எப்படி மனம் வருகிறது என்று. "முதல் மாதம் வேலையை விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். அப்புறம், நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது வேறு மாதிரி சொல்வார்கள் என்று தோன்றியது" என்றார். தீவு அருங்காட்சியகமான முதல் ஆண்டுகளில் அதன் மன்றத்துக்குத் தலைமை வகித்தவர் கத்ராடா. நாட்டுத் தலைவர்கள் வந்தால் அவரே அறைகளைச் சுற்றிக் காட்டுவார். 2013-ல் ஒபாமா வந்தபோதும் அவர்தான். 2017-ல் அவர் மறைந்தார். இந்திரஸ் நாயுடு அதற்கு முந்தைய ஆண்டு போய்விட்டார். அந்தத் தலைமுறையில் மிச்சமிருப்பவர்கள் மிகக் கொஞ்சம்.

படகு திரும்பும்போது அந்தப் பத்து வயதுப் பெண் மேல்தளத்தில் நின்று தீவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா எனக்குக் கைகொடுத்து, "அடுத்த முறை என் அம்மாவையும் கூட்டி வர வேண்டும்" என்றார்.

கேப் டவுனுக்குப் போகிறவர்கள் ராபன் தீவுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள். காற்றுக்காக இன்னொரு நாளையும் கையில் வைத்திருங்கள். சொபுக்வே வீட்டின் பக்கம் பேருந்து வரும்போது எழுந்து பாருங்கள். உள்ளே போனதும் வழிகாட்டியிடம் அவருடைய கைதி எண்ணைக் கேளுங்கள், அவர் எத்தனை ஆண்டு இருந்தார், யாரோடு ரொட்டியைப் பங்கு போட்டார் என்று கேளுங்கள். கடைசி அரசியல் கைதிகள் இங்கிருந்து விடுதலையானது 1991-ல். அன்று இருபது வயதில் வெளியே வந்தவருக்கே இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்வாருங்கள்.